பூப்பந்தை வளர்க்க யோசனை சொல்லுங்கள்

எங்கள் ஊர்த் திடலில் மாலையில் பூப்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். ஷட்டில் இல்லை, மஞ்சள் கம்பளிப் பந்தில் அணிக்கு 5 பேர் ஆடும் பால் பேட்மிண்டன், தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம். இப்போது வருவது ஏழெட்டுப் பிள்ளைகள்தான். உள்ளரங்குக்கு மாற்று, கம்பளிக்குப் பதில் செயற்கைப் பந்து போடு, கூட்டம் வரும் என்கிறார்கள் நண்பர்கள். வரலாம். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, பந்து தரையைத் தொடுமுன் எடுத்து அடிக்கிறோமே, அதுதானே இந்த ஆட்டம், அதையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன? இரவு விளக்கு, ஞாயிறு போட்டி, பெண்கள் அணி எல்லாவற்றுக்கும் நான் தயார். உங்கள் ஊரில் கம்பளிப் பந்தை விடாமலே பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? முதலில் என்ன செய்தீர்கள், அப்புறம் நல்ல பந்து, மட்டை மலிவாக எங்கே வாங்குகிறீர்கள்?