ஆப்பிள் ஸ்டெம் செல் பாக்கெட்: அம்மாவுக்கு வாங்கலாமா?

தாமான்_பையன்:
நாங்கள் மலேசியாவில் பாடாங் செராயில் இருக்கிறோம். போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு நேரடி விற்பனைக் கூட்டம் நடந்தது. ஆப்பிள் ஸ்டெம் செல் தூளாம். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக மாறி வளரக்கூடிய மூலச் செல்லாம். ஒரு பெட்டியில் 30 பாக்கெட், விலை 380 வெள்ளி (ரிங்கிட்). ஒரு பாக்கெட்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் இனிப்பு நீர் (நீரிழிவு), மூட்டு வலி, கிட்னி எல்லாம் சரியாகுமாம். பழுதான இடத்தைத் தேடிப் போய் செல் தானாகவே ஒட்டிக்கொள்ளுமாம். அம்மா வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். வாங்கியே ஆக வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொந்தக்கால்:
அந்தக் கூட்டத்தில் பேசியவர்களில் நானும் ஒருவன். ஒளிக்க ஒன்றுமில்லை. ஸ்டெம் செல் என்பது நாங்கள் கட்டிய கதையா? ஜப்பானில் ஷின்யா யாமானாகாவுக்கு 2012-இல் எதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்? என் சொந்த அத்தைக்கு இனிப்பு நீர், கால் புண் நாலு மாதம் ஆறாமல் கிடந்தது. மூன்று பெட்டி குடித்தார், ஆறிவிட்டது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் ஆட்கள் நாலு காசு பார்த்தால் சிலருக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

லாப்_அக்கா:
தம்பி, யாமானாகாவை ஏன் அந்தப் பெட்டிக்குள் இழுக்கிறீர்கள்? அவர் 2006-இல் எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களை வைரஸ் மூலம் நுழைத்து, அதைக் கருவில் இருக்கும் செல்லைப் போலப் பின்னோக்கித் திருப்பினார். அடுத்த வருடம் மனிதத் தோல் செல்லிலும் அதைச் செய்து காட்டினார். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் கர்டனோடு சேர்த்து நோபல் கொடுத்தது அதற்குத்தான். அதில் ஆப்பிளும் இல்லை, கிளாஸ் தண்ணீரும் இல்லை.

ஆப்பிள் கதை வேறு. சுவிட்சர்லாந்தில் உட்விலர் ஸ்பாட்லாவுபர் என்று ஒரு பழைய ரகம் உண்டு. பறித்து வைத்தால் பல மாதம் கெடாது. அதன் செல்களை வளர்த்து, உடைத்து எடுத்த சாற்றை ஒரு நிறுவனம் முகக் கிரீமுக்கு மூலப்பொருளாக விற்றது. நம் ஊர் பாக்கெட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்தக் கதையைத்தான். உடைத்த சாற்றில் உயிருள்ள செல் ஏது? உயிரோடு இருந்தாலும் வயிற்றுக்குள் போனால் அது சாப்பாடு. கீரை தின்றால் தலையில் கீரையா முளைக்கிறது?

அத்தை குணமானதில் எனக்கும் சந்தோஷம். அந்த நாலு மாதத்தில் கிளினிக்கில் கட்டு மாற்றினார்களா, இன்சுலின் அளவைக் கூட்டினார்களா? அதையும் சொல்லுங்கள்.

செம்பனை_ஐயா:
தமிழில் ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் நான் உண்மையாகவே குருத்து வெட்டிப் பிழைத்தவன். செம்பனை (எண்ணெய்ப் பனை) திசு வளர்ப்புக் கூடத்தில் 22 வருடம். நன்றாகக் காய்க்கும் மரத்தின் குருத்தை வெட்டி, விரியாத இளம் இலையைத் துண்டு போட்டுக் குடுவையில் வைப்போம். மாதக்கணக்கில் காத்திருந்தால் பொருக்கு மாதிரி ஒன்று வளரும். அதிலிருந்து கன்று எடுக்கலாம், ஒவ்வொன்றும் தாய் மரத்தின் அச்சு.

1980-களில் அப்படி நட்ட மரங்களில் ஒரு கோளாறு தெரிந்தது. பழத்தைச் சுற்றித் தோல் இதழ் இதழாகப் பிரிந்திருக்கும். மோசமான மரங்களில் எண்ணெயே பிடிக்காது. மான்டல்ட் என்று பெயர் வைத்தார்கள். இதில் கொடுமை என்ன தெரியுமா? கன்றாக இருக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. நட்டு, உரம் போட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, பூத்த பிறகுதான் தெரியும். மரபணு எழுத்து மாறவில்லை, அதன் மேலிருந்த ரசாயனக் குறி ஓர் இடத்தில் அழிந்ததுதான் காரணம் என்று மலேசிய செம்பனை வாரிய ஆய்வாளர்கள் 2015-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட 30 வருடம். குடுவையில் வளர்த்த செல்லை மனிதனுக்குள் வைக்க டாக்டர்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

சொந்தக்கால்:
ஐயா, இலையிலிருந்து முழு மரமே வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் செல்லுக்குச் சக்தி இருக்கிறதுதானே?

செம்பனை_ஐயா:
இருக்கிறது தம்பி. ஆனால் செம்பனைக் குருத்திலிருந்து செம்பனைதான் வந்தது. 22 வருடத்தில் ஒரு கன்றுகூட மண்டோராக (தோட்டக் கங்காணியாக) மாறியதை நான் பார்க்கவில்லை.

ரெண்டு_பிள்ளை_அப்பா:
சிரிப்புக்கு நடுவில் என் கதையையும் சொல்கிறேன். மூத்தவள் பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி ஒரு கம்பெனிக்காரர் பிரசவ வார்டு வரைக்கும் வந்தார். இபிஎப் ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன், வருடச் சந்தா தனி. பாரிசில் 1988-இல் தொப்புள்கொடி இரத்தத்தால் ஒரு பையனைக் காப்பாற்றிய செய்தியைக் காட்டினார். உண்மைச் செய்திதான். ஆனால் அது அந்தப் பையனுடைய இரத்தம் இல்லை, அவன் தங்கையுடையது என்பதைச் சொல்லவில்லை.

மகளுக்கு ஒன்றரை வயதில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் என்று தெரிந்தது. மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். சேமித்தது இருக்கிறதே என்று ஓடினேன். டாக்டர் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: அதிலும் அதே பழுதான மரபணுதான் இருக்கிறது, அதை ஏற்றினால் அதே நோய்தான் திரும்ப வரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கம்பெனியின் சான்றிதழைக் கிழித்தேன்.

அவளைக் காப்பாற்றியது அவள் தம்பியின் எலும்பு மஜ்ஜை. கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான், அவனுக்குப் பொருந்தியது. முதலில் மருந்து கொடுத்து அவளுடைய மஜ்ஜையைக் காலி செய்தார்கள். முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, பிள்ளை தனி அறையில் வாரக்கணக்கில் கிடந்தாள். தம்பியின் மஜ்ஜையை ஒரு இரத்தப் பை மாதிரி சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது தானே எலும்புக்குள் போய்க் குடியேறியது. ஆக, “தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்” என்பது பொய் இல்லை. ஆனால் அதற்கு நாங்கள் கொடுத்த விலை 380 வெள்ளி இல்லை.

சொந்தக்கால்:
அண்ணே, பிள்ளை நல்லா இருக்கட்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவில் ஜெரோன் என்ற கம்பெனி 2010-இல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்லைச் செலுத்திச் சோதனை தொடங்கியது. 2011 நவம்பரில் செலவு தாங்கவில்லை என்று நிறுத்திவிட்டது. வெள்ளைக் கோட்டு போட்டவன் நம்பிக்கை காட்டிக் கைவிட்டால் அது வியாபார முடிவு, நான் மண்டபத்தில் பேசினால் மோசடியா?

லாப்_அக்கா:
நல்ல கேள்விதான். அந்த நோயாளிகளை நினைத்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் அவர்கள் இது சோதனை என்று எழுதிக் கொடுத்துத்தான் தொடங்கினார்கள். நடக்க வைத்துவிடுவேன் என்று சொல்லிக் காசு வாங்கவில்லை.

காசு வாங்கிக்கொண்டு செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 2015-இல் ஃபுளோரிடாவில் பார்வை மங்கிய மூன்று பெண்களுக்கு, அவர்களுடைய கொழுப்பிலிருந்தே எடுத்த செல்லை ஒரு கிளினிக்கில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். தலைக்கு 5,000 டாலர். மூன்று பேருக்கும் இருந்த பார்வையும் பெரும்பாலும் போய்விட்டது. சொந்த செல், உயிருள்ள செல், டாக்டரின் ஊசி, அதற்கே இந்த நிலை. உங்கள் தூளில் செல்லே இல்லை என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

இன்னொன்று. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள நோய்களைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. இனிப்பு நீரும் கிட்னியும் அதில் இருக்கின்றன. பெட்டியில் மருந்துக்கு அரசு கொடுக்கும் எம்ஏஎல் பதிவு எண் இருக்கிறதா?

சொந்தக்கால்:
இல்லை. அது உணவுப் பொருள்.

லாப்_அக்கா:
உணவு என்றால் உணவு என்று சொல்லி விற்கலாமே. மைக்கில் ஏன் கிட்னி வந்தது?

சொந்தக்கால்:
ஏனென்றால் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் டயாலிசிஸ்காரர்கள். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வருபவரிடம் உங்கள் ஆஸ்பத்திரியில் யார் ரெண்டு நிமிடம் உட்கார்ந்து பேசுகிறார்கள்? நாங்கள் பேசினோம். அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

லாப்_அக்கா:
பேசியதில் எந்தத் தப்பும் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து சின்னச் சின்னச் சிறுநீரகத் திசுவை வளர்க்கிறார்கள், அது உண்மை. டயாலிசிஸை நிறுத்த வைக்கும் சிறுநீரகம் அதிலிருந்து இன்னும் வரவில்லை, அதுவும் உண்மை. ரெண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் இங்கே எழுதியே இருக்க மாட்டேன்.

தாமான்_பையன், தூளில் பொட்டாசியம் எவ்வளவு என்று பெட்டியில் போட்டிருக்கிறதா? கிட்னி வேலை செய்யாதவருக்கு அது கூடினால் ஆபத்து. டயாலிசிஸ் நர்ஸிடம் காட்டாமல் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

தாமான்_பையன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்றே மாமா ரெண்டு பெட்டி வாங்கி வந்துவிட்டார். பொட்டாசியம் பற்றி ஒரு வரி இல்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். யாமானாகா, மான்டல்ட் எதுவும் அவருக்கு ஏறவில்லை. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்றதும்தான் நிமிர்ந்தார். “ஒரு நாளைக்கு மூணு கிளாஸ்தான் குடிக்கச் சொல்லியிருக்காங்க. அதுல ஒண்ண இந்தத் தூளுக்குக் கொடுத்துட்டா எனக்குக் காப்பி?” என்றார்.

ஒரு பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.

சொந்தக்கால்:
பிரிக்காததைக் கொண்டு வாங்க தம்பி, காசைத் தருகிறேன். பிரித்ததை எடுக்க முடியாது.