பட்டாம்பூச்சிக்குப் பதில் குளவி வருகிறது, உதவுங்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஜூனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு பட்டாம்பூச்சித் தோட்டம் போட்டோம். எருக்கு, கறிவேப்பிலை, நாரத்தை, தேனுக்கு இட்லிப்பூ. எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஜோராக வளர்கிறது. சிக்கல் நாரத்தையில்தான்.

எலுமிச்சைப் பட்டாம்பூச்சி தளிரில் முட்டையிடுகிறது. புழு பறவை எச்சம் மாதிரி இருக்கும்வரை பிழைக்கிறது. பச்சையாக மாறியதும் காணாமல் போகிறது. கொண்டைக்குருவி கொத்துவதைப் பிள்ளைகளே பார்த்தார்கள். சரி என்று ஆகஸ்டில் கொசுவலை கட்டினோம். புழுக்கள் தப்பின, ஆனால் கூடுகள் பழுப்பாகிவிட்டன. ஒன்றில் குண்டூசி முனையளவு ஓட்டை. கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தால் எள்ளைவிடச் சிறிய குளவிகள் இருபதுக்கு மேல் வந்தன. (பையன்களுக்கு அதுதான் பிடித்திருந்தது!)

அப்புறம் இரட்டை வலை போட்டோம், எறும்புக்குச் சாம்பல் தூவினோம், செடியை இடம் மாற்றினோம். ஒன்பது கூட்டில் இரண்டுதான் பட்டாம்பூச்சியானது. வேப்பெண்ணெய் உட்பட மருந்து எதுவும் அடிக்கவில்லை, புழுவையும் கொன்றுவிடும்.

கூடு கட்டும் நேரத்தில் இந்தக் குளவி நுழையாமல் தடுக்க என்ன துணி, எந்தக் கட்டத்தில் கட்ட வேண்டும்?