ஆன்டெனாவே இல்லாத வண்டியில் எஃப்எம் இரைகிறது – அவசர உதவி

நாலாவதுகியர்:
அவசரம். எஃப்எம் ஒரே இரைச்சல். ரெயின்போ 101.4 மட்டும் மேம்பாலத்தில் ஏறினால் கொஞ்சம் கேட்கிறது, இறங்கினால் போய்விடுகிறது. வண்டியை இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டேன், ஆன்டெனாவைக் காணோம். கூரையில் சிறிய துடுப்பு ஒன்று இருக்கிறது. கழற்றிப் பார்க்கலாமா?

மழைத்துளி:
என்ன வண்டி? எந்த வருடம்? எப்போதிலிருந்து இப்படி?

பழையபட்டறை:
வண்டியைச் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும், தம்பி. துடுப்பைத் தொடாதீர்கள். அது ஜிபிஎஸ்ஸுக்கும் போனுக்கும். 101.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். கால் பங்கு ஆன்டெனாவே 75 செ.மீ. வேண்டும். அந்தத் துடுப்புக்குள் அதை யார் மடித்து வைப்பார்கள்? இதை எத்தனை முறைதான் எழுதுவது?

ஓம்விதி:
மடித்துத்தான் வைக்கிறார்கள் ஐயா. உள்ளே சுருள், அடியில் அலையை வலுவாக்கும் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்). சில வண்டிகளில் எஃப்எம்மும் துடுப்பில்தான்.

வளைவுப்பாதை:
கார்பன் ஃபைபர் கூரையா? அது மின்சாரத்தைக் கடத்தும், அலையை மறைத்துவிடும். கண்ணாடியிழை என்றால் கவலையில்லை. அமெரிக்காவின் கார்வெட் காருக்கு 1953இலிருந்தே அந்த உடம்புதான்.

நாலாவதுகியர்:
மன்னிக்கவும். ஜெர்மன் வண்டி, இரண்டு கதவு, 2013. கூரை இரும்புதான், காந்தம் ஒட்டுகிறது. போன மாதம் பின் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

நிழல்விரும்பி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பின் கண்ணாடியை உள்ளிருந்து பாருங்கள். வரிசையாக ஓடும் கோடுகள் பனி நீக்கும் சூட்டுக்கம்பிகள். அவற்றுக்கு மேலே, ஒழுங்கில்லாமல் வளைந்து ஓரத்துக்குப் போகும் இரண்டு மூன்று கோடுகள்தான் ஆன்டெனாவாக இருக்கும். உலோகம் கலந்த ஃபிலிம் அதன்மேல் படிந்தால் ரேடியோ செவிடாகிவிடும். பிரித்துவிடுங்கள். ஆனால் பிளேடு கூடவே கூடாது. அது கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிட்ட வெள்ளிப் பசை, ஒரு சுரண்டலில் அறுந்துவிடும். நீராவி காட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். துடைக்கும்போதும் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள்.

பழையபட்டறை:
ஃபிலிம் ஒட்டியதே தவறு. 2012இலேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

நிழல்விரும்பி:
2024இல் கேரள உயர் நீதிமன்றம் ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறது. பின்னால் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வந்தால் போதும்.

பழையபட்டறை:
கத்திப்பாராவில் நிறுத்தும் காவலரிடம் கேரளத் தீர்ப்பைப் படித்துக் காட்டுங்கள்.

மழைத்துளி:
மே மாத வெயிலில் கறுப்பு இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சட்டம் பேசுங்கள் சார்.

ஓம்விதி:
சட்டம் இருக்கட்டும். நாலாவதுகியர், எதையும் பிரிப்பதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் வேறு ஏதாவது வேலை பார்த்தீர்களா?

நாலாவதுகியர்:
அதே நாளில் அதே கடையில் புது ஸ்டீரியோ போட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஓம்விதி:
சம்பந்தமே அதுதான்! கண்ணாடிக் கோட்டில் சிக்கும் அலை மிகவும் பலவீனமானது. பின் கண்ணாடியின் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூணின் உறைக்குள் இருக்கும் சிறு பெருக்கிதான் அதைத் தூக்கிக் கொடுக்கிறது. அதற்கு 12 வோல்ட் வேண்டும். பழைய ஸ்டீரியோ ஆன்டெனா கேபிள் வழியாகவே அதை அனுப்பியிருக்கும். புதியதற்கு இடையில் ஓர் அடாப்டர் போடுவார்கள், அதிலிருந்து நீலக் கம்பி ஒன்று வரும். அதை ஸ்டீரியோவின் நீலக் கம்பியோடு சேர்க்க வேண்டும். பலர் சேர்ப்பதில்லை. ரேடியோ ஓடும்போது அந்தக் கம்பியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் இல்லையென்றால் ஃபிலிமைத் திட்டிப் பயனில்லை.

நிழல்விரும்பி:
ஃபிலிம்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவதுகியர் (மூன்று நாள் கழித்து):
நீலக் கம்பிக்கு டேப் சுற்றி, மடித்து உள்ளே திணித்திருந்தார்கள். சேர்த்தேன். மெட்ரோ பாலத்துக்கு அடியிலும் 101.4 கேட்கிறது. ஓம்விதி அண்ணா, நன்றி.

நிழல்விரும்பி:
ஃபிலிமையும் உரித்துவிட்டுக் கேளுங்கள், இன்னும் தெளிவாக இருக்கும்.

பழையபட்டறை:
என்ன வண்டி என்று கடைசிவரை சொல்லவில்லை.