விவாதம்: ஊர் போலீஸ் ‘குடியேற்றப் பேப்பர் இருக்கா’ என்று கேட்கலாமா?

வேல்_எர்வைன்: ஊர் போலீஸ் குடியேற்றத் துறைக்கு உதவுவதைக் கட்டுப்படுத்துகிறது கலிபோர்னியாவின் சரணாலயச் சட்டம் எஸ்பி 54. அது வேண்டாம் என்று 2018 மார்ச்சில் பக்கத்து ஊர் லாஸ் அலமிட்டோஸ் நகர மன்றம் 4-1 ஓட்டில் முடிவெடுத்தது. இன்றும் அந்த முடிவு சரிதான் என்பேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நான் பதினோரு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். வேலை போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான். 2015-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு இளம்பெண் குண்டு பட்டுச் செத்தார். துப்பாக்கி வைத்திருந்தவர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். குடியேற்ற அமலாக்கத் துறையான ‘ஐஸ்’ கேட்டும், சிறையை நடத்தும் ஷெரிப் அவரை ஒப்படைக்காமல் வெளியே விட்டார். அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

செல்வி_சாண்டாஆனா: அந்தச் சாவை நான் லேசாகப் பேசமாட்டேன் அண்ணா. ஆனால் கொடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவரை ஒப்படைக்க எஸ்பி 54 தடை போடவில்லை. ஊர் போலீஸ் ஒருவரிடம் குடியேற்ற நிலையைக் கேட்பதைத் தடுக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் இதற்காக மட்டும் ஆளை மறிக்கக் கூடாது என்று 1979-லேயே உத்தரவு இருக்கிறது. காரணம், சாட்சிகள் பயமில்லாமல் போலீஸிடம் வர வேண்டும். 2017-ல் அங்கே லத்தீனோ மக்களிடமிருந்து வரும் பாலியல் வன்முறைப் புகார் 25 சதவீதம் குறைந்ததாகப் போலீஸ் தலைவர் சார்லி பெக் சொன்னார். பயம்தான் காரணமாக இருக்கும் என்றார்.

எங்கள் குடியிருப்பில் பேப்பர் இல்லாத ஒரு மெக்சிகோ அக்கா. புருஷன் கை ஓங்கிய ராத்திரி போலீஸைக் கூப்பிட 911 அடிக்கவில்லை, என் கதவைத் தட்டினார்.

கதிர்: ஹண்டிங்டன் பீச் நகரம் எஸ்பி 54-ஐ எதிர்த்து வழக்குப் போட்டு 2018-ல் ஜெயித்தது, 2020 மேல்முறையீட்டில் தோற்றது. சட்டம் நின்றுவிட்டது. ஆனால் எதிர்ப்பு வேறு வழி பிடித்தது. கைதிகள் வெளிவரும் தேதியை ஆரஞ்சு கவுண்டி ஷெரிப் அலுவலகம் 2018-லிருந்து இணையத்தில் போட்டது. ஒப்படைக்காமலே ஐஸுக்குத் தகவல் போய்விடும். இதைப் பார்க்கிற குடும்பம் ஷெரிப்பையும் ஐஸையும் எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

வேல்_எர்வைன்: அந்த அக்கா விஷயம் மனசை உறுத்துகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் இங்கே தங்க யூ விசா இருக்கிறதே, சட்டப்படியே வழி இருக்கும்போது ஏன் ஒளிய வேண்டும்?

செல்வி_சாண்டாஆனா: வருஷத்துக்கு 10,000 யூ விசாதான் அண்ணா. அந்த வரிசையும் நீங்கள் நிற்கும் வரிசை மாதிரி வருஷக்கணக்கில் போகும். அதில் சேரவே, விசாரணைக்கு உதவினார் என்று போலீஸோ அரசு வக்கீலோ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நானே கூட வருகிறேன் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். அக்கா இன்னும் அந்த ஸ்டேஷன் வாசலை மிதிக்கவில்லை.