டிராப் ஏ டியூனிங்: ஆறாவது கம்பி 64-ஆ, 68-ஆ?

வணக்கம்ங்க. திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். மூன்று மாதமாக எங்கள் மெட்டல் பேண்டில் கிடாரை டிராப் ஏ-வில் (தடித்த ஆறாவது கம்பியை ஏ சுருதி வரை இறக்கி) வாசிக்கிறோம். என் ஆறாவது கம்பி மட்டும் நிலைக்கு வர மாட்டேன் என்கிறது. பிக்கால் ஓங்கி அடித்தால் சுருதி மேலே ஏறி, அப்புறம்தான் ஏ-வுக்கு இறங்குகிறது. முதல் மூன்று ஃப்ரெட்டில் (மெட்டு) கரகரவென்ற இரைச்சல் வேறு.

கிடார் 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), ஹார்ட்டெயில் (அசையாத) பிரிட்ஜ்.

10-46 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கொடிக்கயிறு மாதிரி தொங்கியது. 11-54 டிராப் சி வரை நின்றது. இப்போது 12-60. டிராப் பி-யில் அருமையான செட் இது. 60 கம்பிக்குச் சுமார் 17 பவுண்டு இழுவை கிடைக்கிறது. ஏ-வுக்கு இறக்கினால் 13.5-தான். கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் திருகி, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள உயரமான ஆக்‌ஷனை உயர்த்தினேன். இரைச்சல் குறைந்தது, சுருதி ஏறுவது குறையவில்லை. இன்டோனேஷனுக்காக (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர) பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் தள்ளியதில் இன்னும் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம்.

கோவைக் கடைகளில் விசாரித்தேன். 60-க்கு மேல் தனிக் கம்பி சொல்லித்தான் வரவழைக்க வேண்டுமாம். தடித்த கம்பிக்கு, கழுத்தின் முனையில் உள்ள நட் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தவும் வேண்டும். ராவிவிட்டால் பழையபடி ஆக்குவது கஷ்டம், அதுதான் பயம். ஸ்கேல் நீளமான பாரிடோன் கிடார் வாங்க இப்போது வசதியில்லை.

25.5 அங்குல கிடாரில் டிராப் ஏ வாசிப்பவர்கள் சொல்லுங்கள்: ஆறாவது கம்பிக்கு 64 போதுமா, 68-க்கே போய்விடலாமா?