ஏலகிரிக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஆபீஸில் ஒன்பது பேர் வர்ற சனிக்கிழமை சோழிங்கநல்லூரிலிருந்து டூர் கிளம்புகிறோம். இடம்தான் முடிவாகவில்லை.

மாமல்லபுரம் என்றாலே எல்லோருக்கும் கொட்டாவி வருகிறது. அந்த வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிக்கிற போட்டோ இல்லாத ஆளே எங்கள் டீமில் கிடையாது. மேனேஜர் ஏலகிரி என்கிறார். போக மட்டும் 230 கிலோமீட்டர், மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். டெஸ்டிங் பையன் ஒருவனுக்கு வேளச்சேரி மேம்பாலம் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். அவனை முன் சீட்டில் உட்கார வைப்பதா, வீட்டிலேயே விட்டுவிடுவதா என்று தனி வாட்ஸ்அப் குரூப்பில் விவாதம் ஓடுகிறது (அவனும் அதில் இருக்கிறான்).

ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய், அங்கிருந்து வேன் பிடித்தால் சரிவருமா? வேனுக்கு எவ்வளவு கேட்பார்கள்? அப்புறம், குஜராத்தி தோழி ஒருத்தி ஜைனர்; வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் தொடமாட்டார். மலைமேல் அவருக்குத் தயிர்சாதமாவது கிடைக்குமா, கட்டிக்கொண்டு போகணுமா?

தலைக்கு 1,500 ரூபாய்க்குள் முடியணும். போய்வந்தவர்கள் சொல்லுங்களேன். புதன்கிழமைக்குள் டிக்கெட் போடணும்.