வீட்டுக்குள் கேமரா வேண்டாம். வேறு என்ன வழி இருக்கிறது?

டிரங்க்கால் எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 76. தனியாக இருக்கிறேன், நானே விரும்பித்தான். சமையல், துணி, மருந்து எல்லாம் என் கையால்தான். இடது முழங்கால் மட்டும் படி இறங்கும்போது தகராறு செய்யும்.

போன மாதம் குளியலறை வாசலில் கால் வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டதால் அடி படவில்லை. பேச்சுவாக்கில் மகனிடம் சொன்னேன். இப்போது கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று கேமரா மாட்ட ஆள் அனுப்புகிறேன் என்கிறான். அவன் கவலை எனக்குப் புரிகிறது. தூரத்தில் இருப்பவன், ஒரு முறை நான் போனை எடுக்காவிட்டால் அன்று முழுக்க அவனுக்கு வேலை ஓடாது.

ஆனால் கேமரா எனக்கு வேண்டாம். இதைச் சொன்னதும் மருமகள், "அத்தைக்குப் புதுச் சாமான் என்றால் பயம்" என்றாள். அப்படி இல்லை. நான் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவள். கையால் கம்பி செருகி இணைப்புக் கொடுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, கணினித் திரை வந்த பிறகு ஓய்வு பெற்றேன். போர்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு யார் பேசினாலும் கேட்கும். இரண்டு பக்கமும் குரல் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு உடனே பேச்சைக் கேட்க வைக்கும் சாவியை, அதாவது சுவிட்சை, மூடிவிட வேண்டும். முதலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான். கேட்க முடிகிறது என்பதற்காகக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. என் வீட்டுக்குள் வரும் கருவியும் அந்த ஒழுக்கத்தோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மதியம் எவ்வளவு நேரம் படுத்தேன், யார் வந்து போனார்கள், எந்த உடையில் நடமாடினேன் என்பதெல்லாம் என் சொந்த விஷயம்.

விழுந்து எழ முடியாமல் கிடந்தால் யாருக்காவது தெரிய வேண்டும். மற்ற நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஏதாவது உண்டா? வயதானவர்களே பதில் எழுதினால் ரொம்ப நல்லது. எங்கே தேடினாலும் பிள்ளைகள் எழுதியதுதான் கிடைக்கிறது.

மின்பலகை எழுதியது:

அம்மா, வீடுகளில் சென்சார் மாட்டிக்கொடுப்பது என் தொழில். நீங்கள் கேட்பது இருக்கிறது.

அசைவு சென்சார் படம் எடுக்காது, குரல் பதியாது. உடம்புச் சூடு நகர்வதை மட்டும் உணரும். கதவு திறப்பதை அறிய, காந்தத் துண்டோடு வரும் சின்ன சென்சார் போதும். நீங்கள் வழக்கமாக எழுந்து நடமாடும் நேரம் தாண்டியும் வீட்டில் அசைவே இல்லையென்றால்தான் செய்தி போகும். இது புதிய யோசனையும் இல்லை. ஜப்பானில் சொஜிருஷி நிறுவனம் 2001-லேயே ஒரு வெந்நீர்க் கெட்டிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரியவர் அதை உபயோகித்தால் வேறு ஊரில் இருக்கும் குடும்பத்துக்குத் தகவல் போய்விடும்.

ஆனால் அசைவு இல்லை என்பது தெரிய நேரம் பிடிக்கும். விழுந்ததை உடனே கண்டுபிடிக்க ரேடார் சென்சார் இருக்கிறது. இருட்டிலும் குளியலறை நீராவியிலும் வேலை செய்யும், ஆள் முகம் அதற்குத் தெரியாது. சில சமயம் ஆடும் திரைச்சீலையைப் பார்த்துத் தவறாக எச்சரிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முக்கியமானது, செய்தி யாருக்கு முதலில் போகிறது என்பது. நான் வைக்கும்போது முதலில் வீட்டுக்குள்ளேயே ஒலிக்கும்படி வைப்பேன். நீங்கள் பொத்தானை அழுத்தினால் அடங்கிவிடும், வெளியே ஒன்றும் போகாது. அழுத்தாவிட்டால்தான் மகனுக்கு. எல்லாக் கருவியிலும் இந்த வசதி இல்லை, வாங்கும் முன் கேளுங்கள். ஒலியையும் நின்று கேட்டுப் பாருங்கள். வயதானால் கீச்சென்ற உயர்ந்த சத்தம்தான் முதலில் கேட்காமல் போகும். பல கருவிகள் அந்தச் சத்தத்தில்தான் கத்துகின்றன.

என்னைக் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். வீட்டில் இருப்பவரிடம் "எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டு வைத்தது நிலைக்கிறது. கேட்காமல் மாட்டியவை, அடுத்த முறை போகும்போது பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டு அலமாரியில் கிடக்கின்றன.

எண்பது தாண்டியவன் எழுதியது:

சகோதரி, வயதானவர் யாராவது எழுதச் சொன்னீர்கள். எனக்கு 82.

கழுத்தில் தொங்கும் அவசரப் பொத்தான் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக மனம் வரவில்லை. பார்ப்பவர்கள் என்னைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்த்தார்கள். இப்போது கையில் கடிகாரம். ஆப்பிள் நிறுவனம் 2018-ல் விழுவதை உணரும் கடிகாரத்தைக் கொண்டுவந்தது, இப்போது வேறு பலரும் தருகிறார்கள். என்னுடையதில், பலமாக விழுந்தால் மணிக்கட்டில் தட்டிக் கேட்கும். பதில் சொல்லாமல் ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் தானே உதவிக்கு அழைக்கும். நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். தொடுதிரை நம் விரலுக்குச் சரியாகப் படியாது. வயதானால் விரல் நுனி உலர்ந்துவிடுகிறது, திரை அதை உணர்வதில்லை. அதைப் பார்த்துத்தான் நமக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நிஜமான பொத்தான் உள்ள கருவியாக வாங்குங்கள்.

பயிற்சியறை எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். கருவி பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறு வயது தாண்டியவர்களை ஓர் ஆண்டு கவனித்த ஆய்வு ஒன்று 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. விழுந்தவர்களில் 100-க்கு 80 பேர் ஒரு முறையாவது தாமாக எழ முடியாமல் போயிருக்கிறார்கள். 100-க்கு 30 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தி உதவிக்கு அழைக்கும் கருவி பலருக்கும் கிடைத்திருந்தது. ஆனாலும் நெடுநேரம் கிடந்த பெரும்பாலான சமயங்களில் அதை உபயோகிக்கவில்லை. விழுந்த அடியை விட, அப்படிக் கிடப்பது கெடுதலாக முடிவதுண்டு. உடம்பு குளிர்ந்துபோகும், நீர்ச்சத்து குறையும், அழுந்திய இடம் புண்ணாகும், நசுங்கிய தசை சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஏன் அழுத்தவில்லை? என்னிடம் வருபவர்கள் சொல்லும் காரணம், "யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பார்த்தேன்." நீங்கள் அப்படி நினைக்காதீர்கள் அம்மா. குளிக்கும்போதும் இரவிலும் கழற்றி வைக்காத கருவியாக இருக்கட்டும்.

கூடவே தரையிலிருந்து எழப் பழகுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, கை ஊன்றி, தவழ்ந்து, ஆடாத நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். முழங்கால் தகராறு இருப்பதால் முதலில் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். போன் ஒன்றைத் தரையிலிருந்து எட்டும் உயரத்தில் வையுங்கள்.

தூரத்து மகள் எழுதியது:

எங்கள் அப்பா கேமராவை அவராகவே கேட்டு வாங்கினார். அம்மா போன பிறகு, "யாரும் பார்க்கவில்லை என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது" என்றார். கூடத்தில் மட்டும் இருக்கிறது. மூடி ஒன்று உண்டு, வேண்டாதபோது அவரே மூடிவிடுவார். ஒவ்வொருவர் மனசும் வேறு என்பதற்காகச் சொன்னேன் அம்மா. உங்கள் மகனிடம் நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே படிக்கக் கொடுங்கள். போனில் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

டிரங்க்கால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அனுப்பினேன். படித்துவிட்டு மகன் நேற்று ராத்திரி வெகு நேரம் பேசினான். கேமரா இல்லை என்று ஒத்துக்கொண்டான். குளியலறையில் ரேடார் சென்சார், கையில் பொத்தான் உள்ள கடிகாரம், செய்தி முதலில் எனக்கு. அவன் பங்குக்கு ஒன்று கேட்டான்: தினமும் காலையில் ஒரு வார்த்தை செய்தி. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நானே அனுப்புவதுதானே.

மின்பலகை தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி பாக்கி. எங்கள் காலத்துப் போனுக்கு இணைப்பகத்தின் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் கம்பி வழியாக வரும். வீட்டில் மின்சாரம் போனாலும் போன் பேசும். இப்போது வீட்டுக்கு வருவது ஃபைபர், பெட்டியில் மின்சாரம் இல்லையென்றால் போனும் இல்லை, இணையமும் இல்லை. ராத்திரி மின்சாரம் போகும்போதுதான் நான் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் இந்தச் சென்சார் யாரிடம் பேசும்?

மின்பலகை எழுதியது:

சரியான கேள்வி அம்மா. சென்சார்களின் தலைமைப் பெட்டியில் உள்ளேயே பேட்டரியும் சொந்த சிம் கார்டும் இருக்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள். அப்போது ஃபைபரை நம்ப வேண்டியதில்லை. ரேடார் சென்சார் பல வீடுகளில் நேரடி மின்சாரத்தில்தான் ஓடுகிறது, அதற்கு ஒரு சிறிய யுபிஎஸ் தனியாக வைக்க வேண்டும். மாட்டி முடித்ததும் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, உதவிக்கு அழைக்கும் பொத்தானை அழுத்தி, மகன் போன் அடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஆளை அனுப்புங்கள்.